அலாஸ்கா கடலில் சால்மனும் ஹாலிபட்டும்: வழிகாட்டியுடன் தூண்டில் போடச் செல்வோருக்கு

தென்கிழக்கு அலாஸ்காவின் கெச்சிகன், ஜூனோ, சிட்கா ஆகிய துறைமுகங்களில் பயணக் கப்பல் நிற்கும் சில மணி நேரத்திற்குள் மீன்பிடிப் படகில் சென்றுவர விரும்புவோர், எந்த மீனுக்காகப் போகிறோம் என்பதை முன்பதிவு செய்யும்போதே முடிவு செய்துகொள்ள வேண்டும். கோடையின் தொடக்கத்தில் கிங் சால்மனும், ஜூலைப் பிற்பகுதியிலிருந்து கோஹோ சால்மனும் மிகுதியாக வரும். கடலடியில் வாழும் பெரிய தட்டைமீனான ஹாலிபட் கோடை முழுவதும் உண்டு என்றாலும் அதன் இடத்தை அடைந்து நங்கூரமிடவே நேரம் பிடிக்கும் என்பதால், அரைநாள் பயணத்தில் இரண்டுக்கும் ஆசைப்படாமல் ஒன்றைத் தேர்ந்துகொள்வதே நல்லது.

16 வயதும் அதற்கு மேலும் ஆன வெளியூரார் அனைவருக்கும் மாநில உரிமம் தேவை. கிங் சால்மனுக்கு உரிமத்தோடு தனி முத்திரையும் (கூடுதல் அனுமதி) வாங்க வேண்டும். ஹாலிபட் விதிகள் ஆண்டுதோறும் மாறுகின்றன. வழிகாட்டியுடன் செல்வோருக்கு இப்பகுதியில் நாளொன்றுக்கு ஒரு மீன்தான், அதுவும் நீள வரம்புக்கு உட்பட்டே அனுமதிக்கப்படுகிறது. ஆகவே அந்த ஆண்டின் அளவைப் படகுத் தலைவரிடம் கேட்டறிந்துகொள்ளுங்கள்.

சால்மனுக்குப் பெரும்பாலும் படகை மெல்லச் செலுத்தியபடியே இரையை இழுத்துச் செல்வார்கள். கனத்த ஈயக்குண்டு தொங்கும் கம்பிவடத்தில் தூண்டில் நரம்பைக் கிளிப்பால் பொருத்தி, வேண்டிய ஆழத்திற்கு இறக்குவார்கள். மீன் கடித்ததும் நரம்பு கிளிப்பிலிருந்து விடுபட்டு, வளைந்திருந்த தூண்டில் கம்பு சட்டென்று நிமிரும். அந்த நொடியில் கம்பைக் கையிலெடுத்து, நரம்பு இறுகும்வரை விரைவாகச் சுற்ற வேண்டும். மீன் ஓடத் தொடங்கினால் ரீலின் கைப்பிடியை விட்டுவிட்டு, கம்பின் நுனியை உயர்த்திப் பிடித்தபடி அதை ஓடவிடுங்கள். படகைக் கண்டதும் சால்மன் இன்னொரு முறை பாயும். வலையருகே மீனை இழப்பவர்கள் பெரும்பாலும் அப்போது நரம்பை இறுக்கிப் பிடித்தவர்களே.

ஹாலிபட்டுக்கு இதற்கு நேர்மாறான பொறுமை வேண்டும். நாக்குமீனைப் போலத் தட்டையாகக் கடலடியில் கிடக்கும் இம்மீனுக்கு, ஹெர்ரிங், பேய்க்கணவாய்த் துண்டு, சால்மன் தலை ஆகியவற்றை இரையாகக் கோத்துத் தரைவரை இறக்குவார்கள். ஏற்றமும் வற்றமும் மாறும் இடைவேளையில் நீரோட்டம் தணிந்திருப்பதால் இரை ஓரிடத்தில் நிற்கும். அந்த நேரத்தை வீணாக்கக் கூடாது. இங்கே பயன்படுவது, நுனி உள்நோக்கி வளைந்த வட்ட முள். கடி உணர்ந்தவுடன் கம்பைச் சட்டென்று இழுத்தால் முள் வாயிலிருந்து நழுவிவிடும். மீன் இரையை விழுங்கிக்கொண்டு நகரும்வரை காத்திருந்து, கம்பு நன்றாக வளைந்தபின் ஒரே சீராகச் சுற்றினால், முள் தானாகவே வாயோரத்தில் மாட்டிக்கொள்ளும். பழகிய கைக்கு இதுதான் கடினம். ஆனாலும் வழிகாட்டி சொல்வதை இந்த ஒன்றிலாவது அப்படியே கேளுங்கள்.

மிகப் பெரிய ஹாலிபட் ஏறத்தாழ அனைத்தும் பெண் மீன்களே. அவை முட்டையிட்டுப் பெருகுவதோடு, நடுத்தர மீனின் இறைச்சியே உண்பதற்கு மென்மையாகவும் இருக்கும். எனவே விதி அனுமதித்தாலும் பெரியதைப் படம் எடுத்துக்கொண்டு நீரிலேயே விட்டுவிடுமாறு மனமாரக் கேட்டுக்கொள்கிறேன். உயிருள்ள பெரிய மீன் படகுக்குள் துள்ளினால் எலும்பை முறிக்கும் வலிமை உடையது என்பதால், அதன் அருகே செல்லாமல் ஊழியரிடம் விட்டுவிட வேண்டும்.

வைத்துக்கொள்ளும் மீனின் செவுளை உடனே அறுத்து இரத்தத்தை வடியவிட்டுப் பனிக்கட்டியில் இடச் சொல்லுங்கள். பயணக் கப்பல்கள் பொதுவாகப் பச்சை மீனை ஏற்பதில்லை. துறைமுகத்திலுள்ள பதப்படுத்தும் கூடத்தில் துண்டாக்கி, காற்று நீக்கி உறையவைத்து, வீட்டு முகவரிக்கு அனுப்ப ஏற்பாடு செய்யலாம். அந்தக் கட்டணத்தைப் படகுக் கட்டணத்துடன் சேர்த்தே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.