ஜேன் ஆஸ்டின் ரசிகரா ஆகணுமா, எங்க ஆரம்பிக்கிறதுன்னு சொல்றேன்

1995ல பிபிசி எடுத்த ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ் சீரியல்ல ஹீரோ டார்சி குளத்துல குதிச்சு எழுந்து நனைஞ்ச சட்டையோட நடந்து வருவாரே, அத பாத்துட்டுதான் நிறைய பேர் அந்த நாவல எழுதின, இருநூறு வருஷத்துக்கு முந்தின இங்கிலாந்து எழுத்தாளர் ஜேன் ஆஸ்டின் பக்கமே வர்றாங்க. வாங்க, தாராளமா வாங்க. ஆனா அந்த சீன் நாவல்ல கிடையவே கிடையாது. நாவல்ல டார்சி சும்மா வீட்டுப் பக்கத்துல இருந்து நடந்து வருவாரு, ஹீரோயின் எலிசபெத் திடீர்னு நேருக்கு நேரா பாத்துடுவா, ரெண்டு பேருக்கும் கன்னம் சிவந்து போகும், அவ்ளோதான், அதுவே போதும்னு புக்க படிச்சா உங்களுக்கே தோணும். அதனால முதல் வேலை படம் பாக்குறத கொஞ்சம் தள்ளி வச்சுட்டு புக்க எடுக்கிறது.

மொத்தம் ஆறே நாவல்தான், அதனால பயப்பட வேண்டாம். காப்பிரைட் எல்லாம் எப்பவோ முடிஞ்சதால நெட்ல இலவசமாவே கிடைக்குது, ஆடியோவாவும் இருக்கு. ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்ல ஆரம்பிங்க, அடுத்து பெர்சுவேஷன், அப்புறம் எம்மா. மேன்ஸ்ஃபீல்ட் பார்க்க கண்டிப்பா முதல்ல எடுக்காதீங்க, நல்ல நாவல்தான், ஆனா அந்த ஹீரோயின் அமைதியா ஓரமா நிக்கிற பொண்ணு, ஆஸ்டினோட குரல் பழகினதுக்கு அப்புறம்தான் அவ அருமை புரியும். மத்த ரெண்டும், அதாவது சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி, நார்த்தாங்கர் அபி, எப்ப வேணா படிக்கலாம்.

படிக்கும்போது ஒரு வேலை பண்ணுங்க, இதுதான் என்னோட முக்கியமான டிப்ஸ். ஒரு பேப்பர்ல ஒவ்வொருத்தரோட வருஷ வருமானத்தையும் எழுதி வைங்க. ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்ல டார்சிக்கு வருஷம் 10,000 பவுண்ட், அவரோட ஃப்ரெண்ட் பிங்லிக்கு நாலு அஞ்சு ஆயிரம், எலிசபெத்தோட அப்பா பென்னட்டுக்கு 2,000, ஆனா அந்த சொத்து பொண்ணுங்களுக்குப் போகாது, ஆண் வாரிசுதான் வேணும்ங்கிறதால தூரத்து சொந்தமான காலின்ஸுக்குப் போயிடும். எலிசபெத்துக்குன்னு வரப்போறது 4 சதவீத வட்டில போட்ட 1,000 பவுண்ட், அதாவது வருஷத்துக்கு 40 பவுண்ட், அதுவும் அம்மா காலத்துக்கு அப்புறம்தான். இத காலின்ஸ் ப்ரபோஸ் பண்ணும்போது அவ மூஞ்சிக்கு நேராவே சொல்லுவாரு. இந்த கணக்கு மனசுல இருந்தா, எலிசபெத்தோட தோழி, 27 வயசு ஷார்லட் ஏன் அந்த காலின்ஸயே கட்டிக்க சம்மதிக்கிறாங்கறது சட்டுனு புரிஞ்சுடும், அவ மேல கோவமே வராது. வெறும் காதல் கதைன்னு நெனச்சு படிக்கிறவங்க இத விட்டுடறாங்க, எனக்கு அதுல உண்மையிலேயே வருத்தம் உண்டு.

அப்புறம் ரெண்டாவது தடவை படிக்கணும். இதுல விட்டுக்கொடுக்கவே மாட்டேன். முக்கியமா எம்மா. அதுல மிஸ் பேட்ஸ்னு ஒரு அம்மா மூச்சு விடாம பேசிட்டே இருப்பாங்க, முதல் தடவை எல்லாரும் அந்தப் பக்கங்கள வேகமா தள்ளிட்டுப் போயிடுவோம், ஆனா கதையோட பெரிய ரகசியத்துக்கான தடயமெல்லாம் அந்தப் பேச்சுக்குள்ளதான் கொட்டிக் கிடக்கு. பாட்டியோட மூக்குக்கண்ணாடிக்கு ஆணி போடுற சீன் வரும், அத ரெண்டாவது தடவை படிச்சா உடம்பெல்லாம் சிலிர்க்கும், இதுக்கு மேல சொன்னா ஸ்பாய்லர் ஆயிடும்.

தனியா படிக்க போர் அடிச்சா நாலு பேர் சேர்ந்து சத்தமா படிங்க. ஜேன் ஆஸ்டின் வீட்லயே அப்படித்தான் படிச்சாங்க. 1813 ஜனவரில ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ் பிரிண்ட் ஆகி கைக்கு வந்த அன்னிக்கு பக்கத்து வீட்டு மிஸ் பென் வந்திருக்காங்க, எழுதினது யாருன்னு சொல்லாமலே அவங்களுக்கு படிச்சு காட்டியிருக்காங்க, பின்னாடி ஒரு லெட்டர்ல அம்மா ரொம்ப வேகமா படிக்கிறாங்கன்னு ஜேன் குறைபட்டிருக்காங்க. குரூப்பா படிக்கிறதுக்கு அந்த நாவல் முதல்ல மூணு வால்யூமா வந்த பழைய கணக்கையே வச்சுக்கலாம், மொத்தம் 61 அத்தியாயம், முதல் வால்யூம் 23ல முடியும், ரெண்டாவது 42ல முடியும். ஒவ்வொரு முடிவுலயும் கதை சரியா ஒரு திருப்பத்துல நிக்கும், அங்க நிறுத்தி பேசினா பேச்சு தானா நீளும்.

இப்ப டிரெஸ் விஷயத்துக்கு வரேன். இங்கிலாந்துல பாத் நகரத்துல 2001ல இருந்து ஜேன் ஆஸ்டின் ஃபெஸ்டிவல் நடக்குது, வழக்கமா செப்டம்பர்ல, நூத்துக்கணக்கான பேர் ரீஜென்சி டிரெஸ்ல, அதாவது ஆஸ்டின் காலத்து டிரெஸ்ல, தெருவுல ஊர்வலமா நடப்பாங்க. போகணும்னா முதல்ல விக்டோரியன் கவுன எடுத்துட்டுப் போகாதீங்க, குடை மாதிரி விரியிற பாவாடையெல்லாம் ஆஸ்டின் இறந்து பல வருஷம் கழிச்சு வந்தது. பெண்களுக்கு இடுப்புக் கோடு மார்புக்கு நேர் கீழ இருக்கணும், லேசான மஸ்லின் துணி, பகல்ல கழுத்துப் பக்கம் மூடியிருக்கணும், வெளிய போனா பானெட் தொப்பி, சாயங்கால பால் டான்ஸுக்குன்னா குட்டைக் கை, நீளமான கிளவுஸ். டிரெஸ் மெல்லிசா இருக்கிறதால பாக்கெட்டுக்கு இடம் இல்ல, அதனால ரெட்டிக்யூல்னு கைல தொங்குற சின்ன சுருக்குப்பை வச்சுப்பாங்க, போனும் சாவியும் அதுக்குள்ளயே போயிடும். ஆண்களுக்கு டெயில்கோட், வெயிஸ்ட்கோட், கழுத்துல சுத்திக் கட்டுற கிராவட் துணி. கிராவட் கட்டுறத மட்டும் வீட்லயே பழகிட்டுப் போங்க.

டான்ஸ் தெரியாதேன்னு ஒதுங்காதீங்க, ஸ்டெப்ப சொல்லிக்கொடுக்க ஆள் இருப்பாங்க. ரெண்டு வரிசையா எதிரெதிரா நிக்கணும், ஜோடிங்க ஒவ்வொரு இடமா நகர்ந்து போகும், கடைசிக்கு வந்த ஜோடி கொஞ்ச நேரம் ஆடாம நிக்கும். அந்த சும்மா நிக்கிற நேரத்துலதான் பேச்சு. ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்ல பிங்லி வீடான நெதர்ஃபீல்ட்ல நடக்கிற பால் டான்ஸ்ல எலிசபெத்தும் டார்சியும் விட்டு விட்டு பேசுறது ஏன்னு ஒரு தடவை ஆடிப் பாத்தவங்களுக்கு நல்லா விளங்கும்.

பாத்ல இன்னொண்ணு, கே ஸ்ட்ரீட்ல 40ம் நம்பர்ல ஜேன் ஆஸ்டின் சென்டர் இருக்கு, ஆனா அவங்க கொஞ்ச காலம் குடியிருந்தது அதே தெருவுல 25ம் நம்பர். அவங்களுக்கு அந்த ஊர விட்டு கிளம்பினதுல சந்தோஷம்தான், ரெண்டு வருஷம் கழிச்சு கூட தப்பிச்ச மாதிரி இருந்துச்சுன்னு அக்காவுக்கு எழுதியிருக்காங்க.

அதனால ஒரே ஒரு நாள்தான் கையில இருக்குன்னா பாத் நகரத்துக்குப் போகாம சாட்டன் கிராமத்துக்குப் போங்க. லண்டன் வாட்டர்லூ ஸ்டேஷன்ல இருந்து ஆல்டனுக்கு ட்ரெயின், அங்க இருந்து நடந்தே போயிடலாம். 1809ல இருந்து கிட்டத்தட்ட கடைசி வரைக்கும் அவங்க இருந்த வீடு, இப்ப மியூசியம். அங்க பன்னெண்டு பக்கம் உள்ள ஒரு வால்நட் மேசை இருக்கு, அதுல உக்காந்துதான் எழுதினாங்கன்னு சொல்றாங்க, ரொம்ப ரொம்ப சின்னது, ஒரு பேப்பரும் மைக்கூடும் வச்சா முடிஞ்சுது. அத பாக்க அவசரப்படாம நேரம் வச்சுக்கோங்க. பிறந்த ஊர் ஸ்டீவன்டன்ல வீடு இடிஞ்சு போச்சு, சர்ச் மட்டும் இருக்கு. வின்செஸ்டர் கதீட்ரல்ல கல்லறை இருக்கு, அந்தக் கல்லுல அவங்க எழுத்தாளர்னு ஒரு வார்த்தை கூட இல்ல, அத தேடுறவங்க பக்கத்து சுவர்ல 1872ல வச்ச பித்தளைப் பலகைய பாருங்க.

கையில 10 பவுண்ட் நோட்டு வந்தா திருப்பிப் பாருங்க, 2017ல இருந்து ஆஸ்டின் படம் அதுல இருக்கு. கீழ படிக்கிறத விட சுகம் வேற இல்லங்கிற மாதிரி ஒரு வரி இருக்கும், ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்ல அத சொல்றது பிங்லியோட தங்கச்சி கரோலின், டார்சிய கவரணும்னு ஒரு புக்க கைல புடிச்சுக்கிட்டு கொட்டாவி விட்டுட்டே சொல்லுவா. புதுசா ஒரு ஜேனைட்ட, அதாவது ஆஸ்டின் ரசிகர, சந்திச்சா இத பேச்சுக்கு எடுங்க, ரெண்டு பேரும் ஃப்ரெண்ட்ஸ் ஆயிடுவீங்க.

ஜேன் எழுதின லெட்டர்ஸ கடைசியா வச்சுக்கோங்க. அக்கா கசாண்ட்ரா நிறைய எரிச்சுட்டாங்க, சுமார் 160தான் மிச்சம். அதுல பாதி துணி, தொப்பி, யார் வீட்டுக்கு யார் வந்தாங்கங்கற கதைதான், நாவல் ஆறையும் முடிச்சுட்டு படிச்சீங்கன்னா அந்த துணிக்கடை வரில கூட அவங்க குரல் கேக்கும்.