பழுக்கும்போது மாம்பழம் கறுத்து அழுகுகிறதா? பூக்கும்போதே வேலையைத் தொடங்குங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் பல வீடுகளில் இதே கதைதான். காய் பளபளவென்று இருக்கும். பறித்து வைத்து மஞ்சள் ஏறியதும் தோலில் கரும்புள்ளி விழும், குழியும், நாலு புள்ளி ஒன்றாகச் சேர்ந்து பழமே போய்விடும். இது ஆந்த்ராக்னோஸ், கொலெட்டோட்ரைக்கம் என்ற பூஞ்சையின் வேலை. பூவிலும் பிஞ்சிலுமே ஏறிவிட்டு, காய் பழுக்கும்வரை தோலுக்குள் சத்தமில்லாமல் கிடக்கும். அதனால் காய் முற்றும் டிசம்பரில் மருந்தடித்துப் பயனில்லை.

முதலில் கவாத்து. அறுவடை முடிந்ததும் காய்ந்த குச்சி, கருகிய பூங்கொத்து, மரத்திலேயே வற்றித் தொங்கும் காய் எல்லாவற்றையும் வெட்டி அப்புறப்படுத்துங்கள். பூஞ்சையின் வித்துகள் அங்கேதான் தங்கி, மழைத்துளியோடு கீழே சொட்டிப் பரவும். மரத்தின் நடுவே வெயிலும் காற்றும் நுழைய வேண்டும்.

அடுத்தது, எனக்கு அதிக நேரம் எடுத்த படி: இது பூஞ்சைதானா என்று பார்ப்பது. தென்னாப்பிரிக்காவில் பாக்டீரியாக் கரும்புள்ளி நோயும் உண்டு. காயைக் கையில் எடுத்து விரலால் தடவுங்கள். ஆந்த்ராக்னோஸ் புள்ளி குழிந்திருக்கும். பெரும்பாலும் காம்பிலிருந்து கண்ணீர் வழிந்த தடம்போலக் கீழே இறங்கும். பாக்டீரியாப் புள்ளி மேடாக இருக்கும். நட்சத்திரம்போல வெடித்துப் பிசின் கசியும். இந்த பாக்டீரியா நோயில் இலையைத் திருப்பினால், நரம்புகளுக்கு இடையே கோணல்மாணலாகக் கறுத்திருக்கும். இந்த வித்தியாசம் முக்கியம். கடைசியில் சொல்லும் வெந்நீர் வைத்தியம் பாக்டீரியாவுக்கு உதவாது.

சரி, மருந்து. வீட்டு மரத்துக்கு எனக்குப் பிடித்தது காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற செம்புப் பூஞ்சைக்கொல்லி. பூங்கொத்து நீண்டதும், பூ விரியுமுன் ஒருமுறை. பிஞ்சு பிடித்தபின் மறுபடி. பூ விரிந்திருக்கும்போது நான் தெளிப்பதில்லை. அளவும் இடைவெளியும் டப்பாவில் போட்டபடியே. காப்பர் வெளியே காவல் நிற்குமே தவிர, உள்ளே நுழைந்த பூஞ்சையைக் குணப்படுத்தாது.

காய் முட்டை அளவானதும் பழுப்புக் காகிதப் பை கட்டுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டவே வேண்டாம், உள்ளே வியர்த்துவிடும். நெருக்கமான காய்களைக் கிள்ளி அச்சாருக்கு (ஊறுகாய்க்கு) எடுத்துக்கொள்ளலாம்.

பறித்த அன்றே, முற்றிய காய்களை 52 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 5 நிமிடம் முழுக்கி வையுங்கள். பிறகு ஆறவிட்டு, ஈரம் போக உலர்த்துங்கள். கைச்சூடு பார்ப்பது போதாது. சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். சூடு குறைந்தால் பூஞ்சை பிழைக்கும், கூடினால் தோல் வெந்துவிடும். காய்களைப் போட்டதும் சூடு இறங்கும், அதனால் பெரிய பாத்திரம், நிறையத் தண்ணீர், ஒரு நேரத்தில் கொஞ்சம் காய்.

பின்சேர்க்கை: காம்பைச் சுற்றி மட்டும் அழுகுகிறதே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அது காம்படி அழுகல். வேறு பூஞ்சைகள், காய்ந்த கிளைகளில் வாழ்பவை. உலுக்கிக் கீழே விழவைக்காமல், கொஞ்சம் காம்போடு கத்தரித்துப் பறியுங்கள். பறித்த காயை மண்ணில் வைக்காதீர்கள்.