ஆய்விதழுக்குக் காசு கட்டுமுன் ஒரு தேடல்

"மூன்றே நாளில் வெளியிடுகிறோம், டொலரில் கட்டணம் அனுப்புங்கள்" என்று ஏதாவது ஆய்விதழிடமிருந்து மின்னஞ்சல் வந்தால், அதிலுள்ள லிங்கை அமுக்காமல், இதழின் பெயரை டி.ஓ.ஏ.ஜே. (DOAJ) என்ற இலவச வாசிப்பு ஆய்விதழ்களின் பட்டியல் தளத்தில் நீங்களே தட்டித் தேடுங்கள். செலவில்லை, ஒரு நிமிட வேலை.

கட்டணம் எவ்வளவு, மதிப்பாய்வு எப்படி நடக்கிறது என்பதைப் பகிரங்கமாகச் சொல்லும் இலவச வாசிப்பு இதழ்களைத்தான் அங்கே சேர்க்கிறார்கள். இதழின் சரியான இணைய முகவரியும் அங்கே இருப்பதால், நல்ல இதழின் பெயரில் நடக்கும் போலித் தளமும் பிடிபட்டுவிடும். ஐ.எஸ்.எஸ்.என். எண் இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். அது வெறும் அடையாள எண், தரச் சான்று இல்லை. தோட்டத்து லயன் வீடுகளைப் பற்றி ஆய்வேடு எழுதும் பேராதனை மாணவிக்கு "மதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களே" என்று கடிதம் வந்தாலே, என்னைக் கேட்டால், தேடவும் தேவையில்லை, அது போலிதான்.

சந்தா கட்டி வாசிக்கும் இதழ்களும் புத்தம் புதிய இதழ்களும் அங்கே இருக்காது. அதனால் அங்கே இல்லை என்பதாலேயே போலி என்று முடிவுகட்டாதீர்கள். இலங்கை இதழென்றால் தேசிய விஞ்ஞான மன்றத்தின் ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் தளத்தையும் பாருங்கள். அச்சில் மட்டும் வரும் தமிழ் ஆய்விதழ்கள் இரண்டிலும் இல்லாமல் போகலாம். அதற்குத் துறை விரிவுரையாளரைக் கேட்பதுதான் வழி.