டெல்டா நகரங்களில் உள்ளாட்சித் தேர்தல்: பட்டியல் முதல் செலவுக் கணக்கு வரை தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூர், கும்பகோணம் மாநகராட்சிகளிலும், மயிலாடுதுறை, மன்னார்குடி, திருவாரூர், நாகப்பட்டினம், பட்டுக்கோட்டை நகராட்சிகளிலும் மக்கள் ஓட்டுப் போட்டது 2022 பிப்ரவரி 19-ல். கவுன்சிலர்கள் மார்ச் 2-ல் பதவியேற்றார்கள். மன்றத்தின் ஆயுள் ஐந்தாண்டு. அந்தக் கணக்குப்படி 2027 மார்ச் தொடக்கத்தில் முடிகிறது. அடுத்து வரும் மன்றம்தான் 2028 மகாமகத்துக்குக் கும்பகோணத்தைத் தயார் செய்ய வேண்டியிருக்கும். அதனால் இந்தத் தேர்தலை இப்போதே நினைக்கத் தொடங்குவது நல்லது.

சட்டமன்றத் தேர்தலில் பழகிய கண்ணாலேயே இதையும் பார்ப்பதுதான் பாதித் தவறுகளுக்குக் காரணம். இங்கே களம் தொகுதி இல்லை, வார்டு. 2011 கணக்கெடுப்பில் தஞ்சாவூர் நகரின் மக்கள்தொகை 2,22,943. வார்டுகள் 51. சராசரியாக வார்டுக்கு நாலாயிரத்துச் சொச்சம் பேர், அதில் ஓட்டு உள்ளவர்கள் இன்னும் குறைவு. பேரூராட்சி வார்டு என்றால் சில நூறு ஓட்டுகளிலேயே முடிந்துவிடும். நாலைந்து தெருவில் இருபது பேர் பெயர் விட்டுப்போனாலும் முடிவு மாறிவிடும். இருவருக்கும் ஓட்டு சமமாக வந்தால் குலுக்கல்தான்.

மேயருக்கு ஓட்டு இல்லை

2011-ல் மேயரையும் சேர்மனையும் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2019-ல் அவசரச் சட்டத்தின் மூலம் அது மறைமுகத் தேர்தலாக மாறியது. 2022-ல் கவுன்சிலர்கள் மார்ச் 4-ல் கூடித் தங்களுக்குள் ஒருவரை மேயராகவோ சேர்மனாகவோ தேர்ந்தெடுத்தார்கள். நகர வாக்காளருக்கு ஒரே ஒரு ஓட்டு, அதுவும் தன் வார்டு கவுன்சிலருக்கு மட்டும். கிராமத்தில் ஊராட்சி வார்டு உறுப்பினர், தலைவர், ஒன்றிய கவுன்சிலர், மாவட்ட கவுன்சிலர் என நாலு ஓட்டுப் போட்டுப் பழகியவர்கள் நகரத்துக்குக் குடிவந்ததும் குழம்புவது இங்கேதான்.

"மேயர் வேட்பாளர் யார்" என்று கேட்டுவிட்டு, வார்டில் நிற்பவரைப் பார்க்காமலே பொத்தானை அழுத்துவது பெரிய தவறு. கும்பகோணம் மாநகராட்சியின் முதல் மேயரான ஆட்டோ ஓட்டுநர் க. சரவணனும் முதலில் ஒரு வார்டில் கவுன்சிலராக வென்றவர்தான். இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும்: அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணையில் உள்ள கட்சித் தாவல் தடை நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் உரியது, மாநகராட்சி மன்றத்துக்கு அது பொருந்தாது. சின்னத்தை நம்பி ஓட்டுப் போட்டவருக்கு, ஆள் மாறினால் கேட்க வழியில்லை. ஆளைப் பார்த்துத்தான் போட வேண்டும்.

பட்டியலில் பெயர் இருக்கிறது, ஆனால் எந்த வார்டில்?

உள்ளாட்சிக்குத் தனியாக வீடு வீடாகப் போய்ப் பட்டியல் எடுப்பதில்லை. சட்டமன்ற வாக்காளர் பட்டியலையே மாநிலத் தேர்தல் ஆணையம் வார்டு வாரியாகப் பிரிக்கிறது. ஆகவே சட்டமன்றப் பட்டியலில் பெயர் விட்டுப்போனால் இங்கேயும் இருக்காது. 2025 இறுதியில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பின், "நான் போன முறை போட்டேனே" என்ற நம்பிக்கையில் இருப்பது ஆபத்து. பெயர் இல்லையென்றால் படிவம் 6, வீடு மாறியிருந்தால் படிவம் 8. தேர்தல் அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

பெயர் இருந்தாலும் வேலை முடியவில்லை. பட்டியலைப் பிரிக்கும்போது வார்டு எல்லையில் உள்ள தெருக்கள் சிதறிப்போகும். தெருவின் வடபுறம் ஒரு வார்டு, தென்புறம் இன்னொன்று. சில நேரம் ஒரே வீட்டில் அப்பா ஒரு வார்டிலும் மகன் வேறு வார்டிலும் வந்துவிடுவார்கள். வரைவுப் பட்டியல் நகராட்சி அலுவலகத்தில் வைக்கப்படும்போதே கதவு எண், தெருப்பெயர் இரண்டையும் சரிபார்த்து, பிழை இருந்தால் எழுத்தாக மனுக் கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும். சொந்தக் கிராமத்தில் ஒன்று, நகரத்தில் ஒன்று என இரண்டு இடத்தில் பெயர் வைத்திருப்பதைச் சாமர்த்தியமாக நினைக்கக் கூடாது. அது சட்டப்படி குற்றம். எங்கே வசிக்கிறீர்களோ அங்கே மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வேட்புமனு: ஓட்டுக்கு முன்பே தோற்கும் இடம்

2022-ல் மனுத்தாக்கல் ஜனவரி 28 முதல் பிப்ரவரி 4 வரை. பரிசீலனை 5-ம் தேதி. வாபஸ் 7-ம் தேதி. சேர்த்துப் பார்த்தாலும் பதினோரு நாள்தான். கட்சிப் பட்டியல் வருவதற்குள் பாதி நாள் போய்விடும். அதனால் கடைசி நாளில் கூட்டம் நெரியும், அவசரத்தில் பிழை வரும்.

அடிக்கடி நடப்பது முன்மொழிபவர் விஷயத்தில். வேட்பாளரின் பெயர் அதே மாநகராட்சியில் எந்த வார்டுப் பட்டியலில் இருந்தாலும் போதும். ஆனால் முன்மொழிபவர் போட்டியிடும் வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். வேட்பாளர் பக்கத்து வார்டுக்காரர் என்றால், தன் தெருக்காரரையே முன்மொழியச் சொல்லி மாட்டிக்கொள்வார். கையெழுத்து வாங்கும் முன்பே அவருடைய பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் வார்டுப் பட்டியலைக் கையில் வைத்துப் பார்த்து எழுதுங்கள். வேறு ஒருவருக்கு ஏற்கெனவே முன்மொழிந்தவரைத் தொடாதீர்கள்.

அடுத்தது பிரமாணப் பத்திரம். வழக்கு, சொத்து, கடன், கல்வி பற்றிய பத்திகளில் எதையும் வெற்றாக விடக்கூடாது. இல்லாததற்கு "இல்லை" என்று எழுத வேண்டும். கோடு போட்டு விடுவது போதாது. மனைவி அல்லது கணவர் பெயரில் உள்ள நகை, நிலம், கூட்டுறவுச் சங்கக் கடன் எல்லாமே இதில் சேரும். டெல்டாவில் பயிர்க்கடன் இல்லாத குடும்பம் குறைவு. அதை எழுத மறப்பவர்கள்தான் அதிகம். நோட்டரியின் கையெழுத்தும் முத்திரையும் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வரி பாக்கி இன்னொரு பள்ளம். சொத்து வரி கட்டியாயிற்று என்று நிம்மதியாக இருப்பார்கள். குடிநீர்க் கட்டணம், பாதாளச் சாக்கடைக் கட்டணம், காலி மனை வரி, தொழில் வரி, நகராட்சிக் கடை வாடகை இவற்றில் ஏதாவது நிலுவை இருக்கும். எல்லாவற்றுக்கும் ரசீது எடுத்து, நிலுவை இல்லை என்ற சான்றை அலுவலகத்தில் எழுதி வாங்கிக்கொள்வது பாதுகாப்பு. அதே உள்ளாட்சியில் நடப்பில் உள்ள ஒப்பந்த வேலை எடுத்தவரும் தகுதி இழப்பார். மனுப்போடும் முன்பே இதைத் தீர்க்க வேண்டும்.

டெபாசிட் 2022-ல் பேரூராட்சிக்கு ரூ.1,000, நகராட்சிக்கு ரூ.2,000, மாநகராட்சிக்கு ரூ.4,000, பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளருக்குப் பாதி. அந்தச் சலுகைக்கும் தனி வார்டுக்கும் சாதிச் சான்றிதழ் வேண்டும். வயது 21 நிறைந்திருக்க வேண்டும்.

பொது வார்டு என்றால் ஆண்களுக்கு என்று ஒரு தவறான புரிதல் ஊருக்கு ஊர் இருக்கிறது. பெண்ணும் பட்டியல் சாதியினரும் பொது வார்டில் தாராளமாக நிற்கலாம். பெண்களுக்குப் பாதி இடம் ஒதுக்கியது, பெண்களை அந்தப் பாதிக்குள் அடைப்பதற்காக இல்லை. பெண் வேட்பாளரின் மனுவைக் கணவரே நிரப்பி, பரிசீலனைக்கும் கணவரே போய் நிற்பதை விட்டுவிட வேண்டும். அலுவலர் கேட்கும் கேள்விக்கு வேட்பாளரே பதில் சொல்லட்டும். நாளை மன்றத்தில் பேச வேண்டியவர் அவர்.

முதல் மனு தள்ளுபடியானால் உதவட்டும் என்று அதே வீட்டிலிருந்து மாற்று வேட்பாளராக மனுப் போட்டவர் உரிய நேரத்துக்குள் முறையாக வாபஸ் வாங்க வேண்டும். மறந்துவிட்டால் அவர் பெயரும் இயந்திரத்தில் ஏறிவிடும், சொந்த வீட்டு ஓட்டே பிரியும்.

கவுன்சிலரால் ஆகாததை வாக்குறுதியாகக் கொடுப்பது

மழை நின்ற பிறகும் முழங்கால் தண்ணீர் நிற்கும் தெருவில் "ஆற்றைத் தூர்வாருவேன்" என்று சொல்லாத வேட்பாளர் அபூர்வம். ஆறும் பாசன வாய்க்காலும் நீர்வளத் துறையிடம் இருக்கின்றன. தஞ்சாவூர் நகருக்குள் ஓடும் கல்லணைக் கால்வாயும் அப்படித்தான். பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறைக்கு, மின்கம்பம் மின்வாரியத்துக்கு, பட்டா வருவாய்த் துறைக்கு. கவுன்சிலரின் கைக்குள் இருப்பவை தெருச்சாலை, மழைநீர் வடிகால், பாதாளச் சாக்கடை, குடிநீர், குப்பை, தெருவிளக்கு, சந்தை, கழிப்பறை.

இதைத் தெரிந்துகொண்டு கேள்வி கேட்பது வாக்காளரின் பொறுப்பு. "எங்கள் தெரு வடிகால் எந்த வாய்க்காலில் போய்ச் சேருகிறது, அது எங்கே அடைபட்டிருக்கிறது" என்று கேளுங்கள். வார்டைச் சுற்றி வந்தவருக்கு உடனே பதில் தெரியும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும் ஊரில் இதைவிட முக்கியமான கேள்வி எனக்குத் தெரிந்து இல்லை.

பணம் எடுத்துச் செல்வதும் புகாரும்

சம்பா அறுவடையும் தேர்தலும் சேர்ந்து வந்தால் நெல் விற்ற பணத்தோடு பறக்கும் படையிடம் சிக்குபவர்கள் விவசாயிகள். ரூ.50,000-க்கு மேல் ரொக்கம் இருந்தால் வியாபாரி கொடுத்த சீட்டோ வங்கியில் எடுத்த ரசீதோ உடன் இருக்கட்டும்.

இந்தத் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். சி-விஜில் செயலி இந்தியத் தேர்தல் ஆணையத்துடையது. அதில் புகாரைப் போட்டுவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை. தேர்தல் நடத்தும் அலுவலரிடமும் மாவட்ட ஆட்சியரிடமும் எழுத்தாகக் கொடுங்கள்.

ஓட்டு நாளும் எண்ணிக்கையும்

சட்டமன்றத்துக்குப் போட்ட பள்ளிக்கூடத்துக்கே நேராகப் போகாதீர்கள். வார்டுப் பிரிப்பால் பூத் மாறியிருக்கலாம். பூத் ஸ்லிப் வழிகாட்டும், ஆனால் அடையாள ஆவணம் ஆகாது. உங்கள் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டால் சண்டை போட்டுவிட்டுத் திரும்பி வராமல், வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம், இப்படி ஓட்டை இழந்தவருக்கென உள்ள ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டைக் கேளுங்கள்.

2022-ல் ஓட்டைச் சரிபார்க்கும் விவிபேட் இயந்திரம் பயன்படுத்தப்படவில்லை. எனவே ஏஜென்டின் குறிப்பே வேட்பாளருக்கு ஆதாரம். பூத் முடிந்ததும் பதிவான மொத்த ஓட்டு, இயந்திர எண், முத்திரை எண் மூன்றையும் எழுதிக்கொண்டு வந்து, எண்ணும் மேசையில் ஒப்பிட வேண்டும். மறு எண்ணிக்கை வேண்டுமென்றால் முடிவு அறிவிக்கும் முன் காரணத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும். அறிவித்த பிறகு மாவட்ட நீதிமன்றத்தில் தேர்தல் மனுதான் வழி.

தோற்றவர்கள் அதோடு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கு கொடுக்காதவர், வென்றாலும் தோற்றாலும், மூன்றாண்டு போட்டியிடத் தகுதி இழப்பார். 2022-ல் செலவு வரம்பு பேரூராட்சிக்கு ரூ.17,000, தஞ்சாவூர், கும்பகோணம் போன்ற மாநகராட்சிகளுக்கு ரூ.85,000. ஆட்டோ வாடகை, ஒலிபெருக்கி, துண்டறிக்கை, டீச்செலவு என நாள்வாரியாக, ரசீதோடு, மனுப்போட்ட அன்றிலிருந்தே ஒரு நோட்டில் எழுதி வந்தால் கடைசி வாரம் திணற வேண்டியதில்லை. கணக்கைக் கொடுத்ததற்கு ஒப்புகையும் வாங்கி, அடுத்த தேர்தல் வரை பத்திரமாக வைத்திருங்கள்.