சிறிய ஃபோர் வீல் டிரைவ் வாங்குமுன் ஒரு சோதனை

சிறிய ஃபோர் வீல் டிரைவ் (நான்கு சக்கரங்களுக்கும் இன்ஜின் விசை செல்லும்) வண்டியை முன்பதிவு செய்யுமுன், குழந்தை இருக்கையையும் தள்ளுவண்டியையும் ஷோரூமுக்கே எடுத்துச் சென்று, பின்னிருக்கையை மடக்காமல் பொருத்திப் பாருங்கள். ஐந்து கதவுள்ள மாருதி ஜிம்னியில் நான்கு பேர்தான் அமரலாம். பின்னிருக்கையை மடக்கினால் 332 லிட்டராக விரியும் சாமான் இடம், குழந்தை பின்னால் அமர்ந்திருக்கும்போது 208 லிட்டர் மட்டுமே என்பதால், குடும்பத்துக்கு உதவும் கணக்கு அந்தச் சிறிய எண்தான். பின்நோக்கிப் பொருத்தும் குழந்தை இருக்கை முன்னிருக்கையையும் முன்னே தள்ளிவிடும். அங்கே அமரப்போகும் பெரியவரையும் அழைத்துச் செல்வது மிக அவசியம். மூன்றாவது குழந்தையை எதிர்பார்ப்பவர்களுக்கு இந்தச் சோதனையே தேவையில்லை. அவர்கள், விலை கூடினாலும், மஹிந்திரா தார் ராக்ஸ் போன்ற ஐந்து இருக்கை வண்டியைத்தான் பார்க்க வேண்டும், ஆனால் தார் ராக்ஸில் ஃபோர் வீல் டிரைவ் வசதி டீசல் வகைகளில் மட்டுமே கிடைக்கிறது.