வைகைப் படுகையில் வெள்ளம் கூடிவருகிறதா? எண்களை வைத்துப் பார்க்கும் முறை

மதுரை யானைக்கல் தரைப்பாலம் மூழ்கிவிட்டது என்று செய்தி வந்தாலே, "முன்னெல்லாம் இப்படி வராது" என்பார் ஒருவர். "இதைவிடப் பெரிய வெள்ளத்தையெல்லாம் பார்த்தாச்சு" என்பார் இன்னொருவர். நினைவை வைத்து இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. நீரளவு நிலையங்களின் பதிவு கையில் இருந்தால் தீர்க்கலாம். பள்ளிக் கணக்கு தெரிந்தால் போதும், கடைசிப் படிக்கு மட்டும் கணினி வேண்டும்.

படி 1: அட்டவணை

ஒவ்வொரு நிலையத்துக்கும் ஆண்டுக்கு ஒரே ஓர் எண்: அந்த ஆண்டின் உச்ச நீரோட்டம், வினாடிக்கு இத்தனை கனஅடி என்று. ஆண்டை ஜனவரியில் தொடங்க வேண்டாம். நமக்குப் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. டிசம்பர் கடைசியில் வந்த வெள்ளம் ஜனவரிக்கும் நீண்டால், ஒரே வெள்ளம் இரண்டு ஆண்டுகளின் கணக்கில் ஏறிவிடும். ஜூன் முதல் மே வரை ஓர் ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலையத்துக்கு ஒரு நெடுவரிசை, ஆண்டுக்கு ஒரு கிடைவரிசை. 30 ஆண்டுகளாவது இருந்தால் நல்லது.

படி 2: அணையைக் கவனியுங்கள்

வைகையில் அவசரப்படக் கூடாத இடம் இது. 1895 முதல் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் படுகைக்கு வருகிறது. 1959இல் ஆண்டிபட்டி அருகே வைகை அணை வந்தது. 71 அடி அணையில் நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் எச்சரிக்கை, 68.5இல் இரண்டாவது, 69இல் மூன்றாவது. ஆக, மதுரையில் பதிவாகும் உச்சத்தில் மழையோடு மதகைத் திறப்பவர்களின் முடிவும் கலந்திருக்கிறது. 1959க்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை ஒரே வரிசையில் போட்டால், அணை செய்த மாற்றம் பருவநிலை மாற்றம்போலத் தெரியும். அதனால் 1959க்குப் பிந்தைய எண்களை மட்டும் எடுங்கள். அணைக்கு மேலே உள்ள நிலையங்களைத் தனியாக, கீழே உள்ளவற்றைத் தனியாகப் பிரியுங்கள். மேலே இருந்தாலும் முல்லையாறு, சுருளியாறு பக்கம் பெரியாற்றுத் தண்ணீர் சேர்வதை மறக்காதீர்கள்.

படி 3: ஒரு நிலையத்தின் போக்கு

எண்கள் ஆண்டுபோக்கில் ஏறுகின்றனவா, இறங்குகின்றனவா என்று பார்ப்பது மான்-கெண்டல் சோதனை. பழகுவதற்கு ஆறு ஆண்டுகளின் கற்பனை எண்கள், ஆயிரம் கனஅடியில்: 12, 9, 15, 14, 20, 18. ஒவ்வோர் எண்ணையும் அதற்குப் பின்னால் வரும் எல்லா எண்களோடும் ஒப்பிடுங்கள். பின்னது பெரிதானால் +1, சிறிதானால் −1. மொத்தம் 15 இணைகள். அவற்றில் 12 கூடுதல், 3 குறைவு. எனவே மதிப்பெண் 9.

இந்த 9 பெரிதா? போக்கே இல்லாத வரிசையில் மதிப்பெண் எவ்வளவு சிதறும் என்பதற்கு ஒரு சூத்திரம் உண்டு: n(n−1)(2n+5)/18. இதில் n என்பது ஆண்டுகளின் எண்ணிக்கை. ஆறு ஆண்டுக்கு 28.33, அதன் வர்க்கமூலம் 5.32. மதிப்பெண்ணில் ஒன்று குறைத்து வகுத்தால் 8/5.32, அதாவது ஏறக்குறைய 1.5. 1.96ஐத் தாண்டினால்தான் போக்கு என்று சொல்லலாம்; ஏறுமுகமோ இறங்குமுகமோ, தற்செயலாக அந்த எல்லையைத் தாண்ட 5 சதவீத வாய்ப்புதான். கண்ணுக்கு ஏறுமுகமாகத் தெரிந்த வரிசை தேறவில்லை!

ஆண்டுக்கு எவ்வளவு ஏறுகிறது என்று அறிய சென் சரிவு. ஒவ்வோர் இணையிலும் வித்தியாசத்தை இடைப்பட்ட ஆண்டுகளால் வகுத்து, கிடைக்கும் 15 எண்களை வரிசைப்படுத்தி நடு எண்ணை எடுங்கள். இங்கே அது 2, அதாவது ஆண்டுக்கு 2,000 கனஅடி. ஒரே ஒரு பேய்மழை ஆண்டு இந்த நடு எண்ணை அவ்வளவாக அசைக்காது. சராசரியை நம்பி இறங்குவதைவிட இதுவே எனக்குப் பிடித்த வழி.

படி 4: படுகை முழுவதும்

பத்து நிலையங்களில் ஒன்று தேறிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். போக்கே இல்லாவிட்டாலும், ஒன்றையொன்று சாராத பத்தில் குறைந்தது ஒன்றாவது தற்செயலாகத் தேற 40 சதவீத வாய்ப்பு உண்டு. சரி, பத்து மதிப்பெண்களையும் கூட்டிவிடலாமா? கூட்டலாம். ஆனால் வருசநாட்டு மலையில் கொட்டும் ஒரே மழை பல நிலையங்களிலும் உச்சத்தைப் பதிக்கும். பத்து சாட்சிகள்போலத் தெரிந்தாலும் அவை தனித்தனிச் சாட்சிகள் இல்லை.

அதனால் ஆண்டுகளைக் கலைத்துப் போடுங்கள். ஒரு கிடைவரிசையில் உள்ள எல்லா நிலைய எண்களும் ஒன்றாகவே நகர வேண்டும். நெடுவரிசைகளைத் தனித்தனியாகக் கலைத்தால் எல்லாம் வீண். இப்படிக் கலைத்தால் காலப்போக்கு அழியும், நிலையங்களுக்கிடையே உள்ள உறவு அப்படியே நிற்கும். ஆர் அல்லது பைத்தான் என்ற கணினி மொழியில் 1,000 முறை கலைத்து, ஒவ்வொரு முறையும் மதிப்பெண்களின் கூட்டுத்தொகையைக் குறியுங்கள். கூட்டல், கழித்தல் குறியைப் பாராமல், உங்கள் உண்மையான கூட்டுத்தொகை அளவுக்கோ அதற்கு மேலோ வந்தவை 50க்கும் குறைவு என்றால், படுகை அளவில் போக்கு இருக்கிறது எனலாம். ஓர் ஆண்டின் உச்சம் முந்தைய ஆண்டின் உச்சத்தைச் சார்ந்திருந்தால் இந்த முறை ஏமாற்றும். முன்கூட்டியே அதைச் சோதித்துவிடுங்கள்.

இதை அணைக்கு மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை செய்யுங்கள். மேலே ஏறுமுகம், கீழே ஒன்றுமில்லை என்று வந்தால், கூடிய வெள்ளத்தை அணை வாங்கிக்கொண்டிருக்கலாம். அப்படி வந்தால் அடுத்துத் தேட வேண்டியது அணையின் தினசரி நீர்மட்டப் பதிவும் மதகு திறந்த நேரங்களும்.