வேட்பாளர்களின் வேலை வாக்குறுதிகளை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரப் பகுதியான சாட்ஸ்வர்த்தில் உள்ளாட்சித் தேர்தல் நெருங்கினால், எங்கள் சங்கத்து இளையவர்கள் வேட்பாளர்களின் வேலைவாய்ப்பு, பொருளாதார வாக்குறுதிகளை அட்டவணையாக்கி வீடு வீடாகக் கொடுப்பார்கள். அண்மையில் அவர்களுடைய வரைவைப் பார்த்தேன். 2016ஆம் ஆண்டு நான் செய்த பிழை அதில் அச்சுப் பிசகாமல் அப்படியே இருந்தது. துண்டறிக்கையை முழுதாகப் படியுங்கள் என்பது போன்ற தெரிந்த புத்திமதிகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

எண்ணிக்கையை வைத்து வரிசைப்படுத்துவது

அன்று ஒரு வேட்பாளர் ஆயிரக்கணக்கில் வேலை என்றார். இன்னொருவர் எண் எதுவும் சொல்லாமல், தொழிற்பேட்டையில் அடிக்கடி நிற்கும் மின்சாரத்தையும் தெருவியாபாரிகளின் அனுமதிச் சீட்டையும் பற்றியே பேசினார். நான் முன்னவரை முதலிடத்தில் வைத்தேன். அட்டவணையை நம்பி வாக்களித்த பக்கத்து வீட்டு அக்காவின் மகனுக்குச் சில மாதங்கள் வடிகால் தூர்வாரும் வேலை கிடைத்தது. அதன்பின் அவன் வீட்டில்தான் இருந்தான். “தம்பி, நீங்கள் எழுதிய வேலை இதுதானா?” என்று அக்கா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றும் அதை நினைத்தால் என்மீதே எரிச்சல் வருகிறது.

அவனுக்குக் கிடைத்தது 2004இல் நடுவண் அரசு தொடங்கிய விரிவுபடுத்தப்பட்ட பொதுப்பணித் திட்டத்தின் தற்காலிக வேலை. ஆகவே எத்தனை வேலை என்பதற்கு முன், எத்தனை மாதம், யாருடைய பணம் என்று கேட்க வேண்டும். 1996ஆம் ஆண்டு அரசமைப்பின் 4, 5ஆம் அட்டவணைகளில் உள்ள ‘ஆ’ பகுதிகள் உள்ளாட்சியின் பணிகளைப் பட்டியலிடுகின்றன: மின் பகிர்மானம், குடிநீர், நகராட்சிச் சாலைகள், சந்தைகள், தெருவணிகம், கட்டட விதிகள், உள்ளூர்ச் சுற்றுலா. இவற்றுக்கு வெளியே ஒரு கவுன்சிலர் தரும் வாக்குறுதி, அடுத்தவர் வீட்டுப் பந்தியில் விருந்தினரை உட்காரச் சொல்வதற்கு ஒப்பானது. 2003ஆம் ஆண்டின் நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டம், டெண்டர்களை மதிப்பிடும் குழுக்களில் கவுன்சிலர்கள் பார்வையாளராகக்கூட அமர இயலாது என்கிறது (பிரிவு 117). அப்படியிருக்க, “நம் பையன்களுக்கு டெண்டர் வாங்கித் தருகிறேன்” என்பவருக்கு நம் பிள்ளைகள் ஒரு மதிப்பெண் கூட்டியிருக்கிறார்கள்!

மாறாக, 2009இல் டர்பன் வார்விக் சந்திப்பின் அதிகாலைச் சந்தையை இடித்து வணிக வளாகம் கட்ட நகராட்சி முனைந்ததையும், வியாபாரிகள் எதிர்த்து நின்று சந்தையைக் காத்ததையும் நினைத்துப் பாருங்கள். நூற்றுக்கணக்கான குடும்பங்களின் பிழைப்பு ஒரு மன்றத் தீர்மானத்தில் தொங்கியது. சந்தைக் கடை, வாடகை, அனுமதி ஆகியவற்றில் வேட்பாளரின் நிலைப்பாடே அவருடைய உண்மையான வேலைக் கொள்கை.

வார்டையும் கட்சியையும் ஒரே கட்டத்தில் எழுதுவது

டர்பனை உள்ளடக்கிய எதெக்வினி போன்ற பெருநகராட்சியில் வாக்குச்சீட்டுகள் இரண்டு: ஒன்று வார்டு வேட்பாளருக்கு, மற்றொன்று கட்சிக்கு. 2021இல் இங்கே எந்தக் கட்சிக்கும் தனிப்பெரும்பான்மை கிடைக்கவில்லை என்பதால், கட்சி அறிக்கை கூட்டணிப் பேரத்தில் கரையக்கூடும். இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் போடுங்கள்.

பட்ஜெட்டைப் பார்க்காமல் விடுவது

நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது; வரைவு பட்ஜெட் மார்ச் முடிவதற்குள் மன்றத்துக்கு வந்துவிடும். மீண்டும் போட்டியிடுபவர் அதில் எதை ஆதரித்தார் என்று பாருங்கள்.

பேச்சாற்றலுக்கு மதிப்பெண்

வேண்டாம்.

தமிழாக்கத்தில் மெருகேற்றுவது

“வேலைவாய்ப்புக்கு வழிவகுக்க முயல்வோம்” என்ற கட்சி வாசகம், முதியோருக்கான எங்கள் தாளில் “வேலை தருவோம்” என்று மாறியிருந்தது. அந்த வரியை நானே சிவப்பு மையால் அடித்தேன்.